சொல்லே மருந்து, அச்சொல் தமிழாகட்டும்!



மருத்துவத்துறையில் மிக உயர்ந்த படியில் நிற்பவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் உட்சுரப்பியல் பேராசிரியர். கணையம், கேடயச் சுரப்பி, மூளையடிச் சுரப்பி முதலிய உள்ளுறுப்புகள் குருதியிற் கலக்கும் இயக்குநீர்களை ஆராய்பவர். அவை மிகுந்தும் குறைந்தும் விளைக்கும் நோய்களைத் தீர்ப்பவர். தாம் கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பவர். அவர் அந்த இருக்கைக்கு வந்த வழி எது? இளநிலை மருத்துவம் 5½ ஆண்டு. பொதுமருத்துவ முதுநிலை 3 ஆண்டு. அதற்கும் மேல் உட்சுரப்பியல் உயர்சிறப்புப் படிப்பு 3 ஆண்டு. ஆக 11½ ஆண்டுகள். இத்துணை நெடிய கல்வியில், தமிழ்நாட்டு மண்ணிலேயே, தமிழ்மக்கள் வரிப்பணத்திலேயே, தமிழ் நோயாளர் உடம்பின்மேலேயே பயின்ற ஒருவர், ஒரு நோயை ஒரு தமிழனுக்குத் தமிழில் விளக்க வல்லவரா என்று எந்தத் தேர்வாவது அவரைக் கேட்டதுண்டா?

இல்லை என்பதே விடை. இந்தக் கட்டுரை எந்த ஒரு மருத்துவரையும் இகழ எழுதப்பட்டதன்று. நம் மருத்துவர் பலர் இரவு பகல் பாராது உழைப்போர். நாம் குறைகூறுவது ஆளை அன்று. அவர் ஏறிவந்த ஏணியை. அந்த ஏணியின் ஒவ்வொரு படியும் ஆங்கிலத்தால் ஆனது. அதனால் நோயாளிக்கு விளையும் கேட்டை எடுத்துக்காட்டுவதே நம் நோக்கம்.

ஏணியும் அதன் படிகளும்

மருத்துவ மாணவன் தேர்வு எழுதும் முறையைப் பாருங்கள். நோயாளியின் கட்டிலருகே அவன் நிற்கிறான். "எத்தனை நாளாக நீர்வேட்கை? இரவில் எத்தனை முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறீர்கள்? காலில் எரிச்சல் உண்டா?" என்று தமிழில் கேட்கிறான். நோயாளி தமிழில் விடை சொல்கிறார். உடனே மாணவன் திரும்பி, அவற்றையெல்லாம் ஆங்கிலமாக்கித் தேர்வாளரிடம் ஒப்பிக்கிறான். தேர்வாளரும் தமிழர், மாணவனும் தமிழன், நோயாளியும் தமிழர். மூவர் நடுவே ஓர் அயல்மொழி வந்து அமர்ந்திருக்கிறது. நோயாளியின் தமிழை ஆங்கிலமாக்கத் தெரிந்தால் மதிப்பெண் உண்டு. அந்த ஆங்கில அறிவை மீண்டும் தமிழாக்கி நோயாளியிடம் சேர்க்கத் தெரிகிறதா என்பதற்கு மதிப்பெண் இல்லை. பாம்பன் பாலத்தில் தொடர்வண்டி மண்டபத்திலிருந்து தீவுக்குப் போகிறது. தீவிலிருந்தும் திரும்பி வருகிறது. நம் மருத்துவக் கல்வி கட்டிய பாலமோ போவதற்கு மட்டும் உரியது, வருவதற்கு வழியில்லை.

2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழிக்குச் சில மணிநேரம் ஒதுக்கப்பட்டது உண்மையே. அது முறையான தேர்வுப் பாடம் அன்று. கல்லூரி வாயிலில் தெளிக்கும் பன்னீர் போன்றது. உள்ளே நுழைந்தபின் அதன் மணமும் இல்லை.

மாணவன் ஆசிரியனான பின்பும் நிலை இதுவே. மருத்துவக் கல்லூரியில் துணைப்பேராசிரியர் இணைப்பேராசிரியராகவும், அவர் பேராசிரியராகவும் உயர வேண்டுமானால் பட்டியலிடப்பெற்ற ஆய்விதழ்களிற் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும். அவ்விதழ்கள் ஆங்கில இதழ்கள். ஒருவர் பத்தாண்டு உழைத்து, நீரிழிவைப் பற்றித் தமிழில் ஓர் அரிய பாடநூல் எழுதினாலும், அது அவரை அந்த ஏணியில் ஒரு படிகூட ஏற்றாது. எதற்குப் பரிசு உண்டோ அதையே மக்கள் செய்வர். தமிழில் எழுதினால் பரிசு இல்லை. ஆதலால் எழுதுவார் அரியர். எழுதுவார் அரியராதலால் நூல் இல்லை. நூல் இல்லை ஆதலால் தமிழிற் கற்பிக்க இயலாது என்கின்றனர். தாமே கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்று கைவிரிப்பது இது அன்றோ?

சொல் மாத்திரைக்கு ஈடானது

எல்லா நோய்க்கும் மொழி வேண்டும். ஆனால் உட்சுரப்பு நோய்களுக்கு அது உயிர்போல வேண்டும். ஏன்? எலும்பு முறிந்தால் மருத்துவர் கட்டிவிடுவார். நோயாளி கிடந்தால் போதும். குடல்வால் வீங்கினால் அறுத்தெடுத்துவிடுவார். நோயாளி மயங்கியிருந்தால் போதும். நீரிழிவு அவ்வாறானதன்று. அது வாழ்நாள் முழுதும் உடன்வரும் நோய். மருத்துவர் அந்நோயாளியைப் பார்ப்பது திங்களுக்கு ஒருமுறை, சில மணித்துளிகள். மற்ற நாளெல்லாம், மற்ற பொழுதெல்லாம், அந்நோயாளிக்கு மருத்துவர் யார்? அவரே. எதை உண்பது, எவ்வளவு உண்பது, ஊசியை எப்போது போடுவது, மயக்கம் வந்தால் என்ன செய்வது, காலை எப்படிக் காப்பது என்பவற்றையெல்லாம் அவரே அறிந்து, அவரே செய்தாக வேண்டும். அந்த அறிவை அவருக்குள் ஏற்றுவது எது? மருத்துவர் வாய்ச்சொல் ஒன்றே.

இது வெறும் தமிழ்ப்பற்றால் எழுந்த பேச்சு என்று எவரேனும் எள்ளுவாராயின், அவர்களுடைய ஆய்விதழ்களிலிருந்தே சான்று காட்டுவோம். சென்னை இராயபுரத்தில் 1954-இல் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கியவர் பேராசிரியர் எம். விசுவநாதன். இந்திய நீரிழிவியலின் தந்தை எனப் போற்றப்பெறுபவர். மாவுப்பொருளும் நார்ப்பொருளும் மிக்க நம் நாட்டு உணவைக் கொண்டே நீரிழிவை அடக்கலாம் என்று ஆராய்ந்து காட்டியவர். அவர் நிறுவிய ஆய்வு நடுவத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் அ. இராமச்சந்திரன் தம் குழுவினருடன் நிகழ்த்திய ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை அவர்கள் நான்கு கூறாகப் பிரித்தனர். ஒரு கூற்றார்க்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். மற்றொரு கூற்றார்க்கு உணவையும் நடையையும் திருத்திக்கொள்ளத் தொடர்ந்த அறிவுரை. மூன்றாம் கூற்றார்க்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் கூற்றார்க்கு இரண்டும்.

மூன்றாண்டு அளவில் விளைந்தது என்ன? முதற் கூற்றாரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவில் வீழ்ந்தனர். மாத்திரை உண்டவரில் 40.5 விழுக்காட்டினர். அறிவுரை கேட்டு நடந்தவரில் 39.3 விழுக்காட்டினர். இரண்டையும் பெற்றவரில் 39.5 விழுக்காட்டினர். இந்த எண்களை ஊன்றி நோக்குங்கள்! சொல் மாத்திரைக்குச் சிறிதும் இளைக்கவில்லை. சொல்லோடு மாத்திரையைக் கூட்டியும் மிகுபயன் கிடைக்கவில்லை. உலகமே ஒப்புக்கொண்ட இந்த உண்மை நம் சென்னையிலேயே, நம் மக்களிடமே கண்டறியப்பட்டது. கேட்டவர்க்கு விளங்கும் வகையிற் சொன்னதால் அன்றோ அவர்கள் தம் தட்டிலும் நடையிலும் மாற்றம் செய்தனர்? விளங்காத சொல்லால் எவன் தன் சோற்றைக் குறைப்பான்?

சொல் மருந்தாகும் எனில், அந்த மருந்தைச் செய்யும் கலையும் மருத்துவக் கல்வியின் ஒரு கூறாகவே இருத்தல் வேண்டும். மாத்திரையின் அளவைக் கற்பிக்கும் கல்லூரி, சொல்லின் அளவைக் கற்பிக்காமல் விடுவது எந்த அறிவியல்? வள்ளுவப் பெருமான் திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணுங்கால் மருத்துவனை மட்டும் எண்ணவில்லை. நோயுற்றவனையும், மருந்தையும், உடனிருந்து உதவுவானையும் சேர்த்தே எண்ணினார். இந்நால்வகையையும் ஒன்றோடொன்று பிணைக்கும் கயிறு மொழி. அக்கயிற்றை அறுத்துவிட்டு மருத்துவம் பேசுவது வீண்.

இன்னுமொன்று. உடல் தமிழருடையது, உணவு தமிழருடையது, குருதி தமிழருடையது. அவற்றிலிருந்து திரட்டிய அறிவு ஆங்கிலக் கட்டுரையாகி இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்ச் சேர்கிறது. போகட்டும், உலகம் பயன்பெறட்டும். ஆனால் குருதி கொடுத்தவன் கைக்கு அது திரும்பி வர வேண்டாவா? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு இந்நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவாளர் என்றது. தமிழ்நாட்டில் வளர்ந்தோருள் 14.4 விழுக்காட்டினர் அந்நோய்க்கு ஆளானவர் என்றது. அந்த எண்ணிக்கையுள் அடங்கியவருள் எத்தனை பேரால் அவ்வாய்வின் ஒரு வரியையேனும் படிக்க இயலும்?

முகவைக் கடற்கரைக்கு வாருங்கள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி என நீளும் நம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். இங்கே மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் உயிர்ச்சொல்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் மீனவர் ஒருவர் மாலையில் கடலுக்குப் போய் மறுநாள் காலையிற் கரை திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மருந்தைக் குளிரில் வை" என்று மட்டும் அவரிடம் சொன்னால் என்ன செய்வார்? படகில் மீனுக்கென்று ஏற்றிய பனிக்கட்டிக்குள் புதைத்து வைப்பார். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். உறைந்து உருகியதைப் போட்டுக்கொள்ளுதல் ஆகாது. "குளிரில் வை; உறையவிடாதே; பனிக்கட்டியில் நேரே படாதபடி துணியிற் சுற்றி வேறு கலத்தில் வை" என்று சொன்னால்தான் அது மருத்துவம். அம்மூன்று சொற்றொடரும் எந்த ஆங்கிலப் பாடநூலிலும் இந்த வடிவில் இல்லை. படகையும் பனிக்கட்டியையும் அறிந்த தமிழ்தான் அவற்றை ஆக்கித் தர வல்லது.

நடுக்கடலில் வலை இழுக்கும் கடும் உழைப்பில் குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். வியர்க்கும், கை நடுங்கும், சொல் குழறும், அறிவு மயங்கும். உடனிருப்போர் அதைக் கடல்மயக்கம் என்றோ, குடிமயக்கம் என்றோ எண்ணிவிட்டால் உயிருக்கே இறுதி. அப்போது வாயிலிடச் சிறிது சர்க்கரை வேண்டும் என்பதை அவருக்கு மட்டுமன்று, அதே படகில் போகும் நால்வர்க்கும் சொல்லியிருக்க வேண்டும். மற்றொரு செய்தி: பனைமரம் செறிந்த மாவட்டம் நமது. "வெள்ளைச் சர்க்கரைதான் கேடு, கருப்பட்டி நீரிழிவுக்குத் தீங்கு செய்யாது" என்னும் நம்பிக்கை ஊர்தோறும் உண்டு. கருப்பட்டியும் சர்க்கரைதான், அதுவும் குருதியில் ஏறும். இதை நம் பனையை இழித்துரைக்காமல், நம் பாட்டிமார் மனம் ஏற்கும்படி சொல்ல ஒரு திறம் வேண்டும். இராமேசுவரத்தில் வெறுங்காலொடு நடக்கும் வழக்கம் வேறு. நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் சுடுமணலும் சிப்பியும் செய்யும் புண் தெரியாது. தெரியும்போது விரல் போய்விடும். "நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிற் பார்" என்னும் ஒரு தமிழ்த்தொடர் ஒரு காலைக் காக்கும். அதைக் கற்பிக்காத 11½ ஆண்டுக் கல்வி என்ன கல்வி?

கடலுக்கு அப்பால் ஒரு பேராசான்

"தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா?" என்று கேட்போர் இக்கடற்கரையில் நின்று வடகிழக்கே நோக்கட்டும். நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணம், அங்கே மானிப்பாய். முடியும் என்பதை அவ்வூர் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே மெய்ப்பித்துவிட்டது.

சாமுவேல் பிசுக்கு கிரீன் என்பார் 1822-இல் அமெரிக்க நாட்டு மசாசூசெட்சு மாநிலத்து ஊசுட்டரிற் பிறந்தவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் கண்டார். அவர் கிறித்துவ ஊழியராக வந்தவர். அவர் சமய நோக்கம் அவரோடு போகட்டும். நமக்கு வேண்டுவது அவர் ஆசிரியப் பணி. முதலில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அங்ஙனம் கற்றவர்கள் ஊரை விட்டு அரசுப்பணி தேடி அகன்றனர். சிற்றூர் மக்கள் நோயோடு நின்றனர். இதைக் கண்டு அந்த அயலார் செய்தது என்ன? 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவர்பால் பயின்ற 60-க்கும் மேற்பட்ட மருத்துவருள் 33 பேர் தமிழ்வழியே கற்றுத் தேறியவர்கள்!

நூல் இல்லையென்று அவர் கைகட்டி நிற்கவில்லை. தம் மாணவர் துணையோடு தாமே ஆக்கினார். 'அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிசுதம்' என ஒவ்வொரு துறைக்கும் நூல் வந்தது. மொத்தம் 4000 பக்கங்களுக்கு மேல். கிரே என்பாருடைய புகழ்பெற்ற உடற்கூற்று நூலும் 1872-இல் தமிழில் வந்தது. கலைச்சொற் பட்டியல்களும் தொகுக்கப்பெற்றன. 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884-இல் இறக்கும் வரை தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை. தம் கல்லறைக் கல்லிலும் தமிழர்க்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே பொறிக்கச் செய்தார்.

அந்நூற்பெயர்களைப் பார்த்ததும் நம் அன்பர்கள் முகம் சுளிப்பர், அது முறையே. வடசொல் மிடைந்த மொழி அது. மறைமலையடிகளார் தனித்தமிழ்க் கொடி உயர்த்திய 1916-க்கு அரை நூற்றாண்டு முற்பட்ட காலம் என்பதை நினைவிற் கொள்க. இருந்த கருவியைக் கொண்டு அவர் செய்தார். நம்மிடம் இன்று அதனினும் கூரிய கருவி உண்டு. செய்யும் கைதான் இல்லை. மசாசூசெட்சிலிருந்து கப்பலேறி வந்தவர்க்கு இயன்றது, மதுரையிலும் முகவையிலும் பிறந்து தாய்ப்பாலோடு தமிழ் உண்டவர்க்கு இயலாதாம்! இதனினும் நாணத்தக்கது வேறுண்டோ?

கிரீன் போனபின் அவர் மூட்டிய விளக்கு மெல்ல அவிந்தது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-இல். மாந்தர்க்கு முதன்முதல் ஏற்றப்பட்டது 1922 சனவரியில். உட்சுரப்பியல் என்னும் துறையே பெரிதும் அதன்பின் தழைத்ததுதான். தமிழ்வழி மருத்துவக் கல்வி அறுபடாது தொடர்ந்திருந்தால், அந்தத் துறை வளர வளரத் தமிழும் உடன் வளர்ந்திருக்கும். துறை வளர்ந்தது, தமிழை வாயிலிலேயே நிறுத்திவிட்டனர்.

"சொல் இல்லை" என்னும் பொய்

எதிர்ப்போர் முதலில் எடுக்கும் படை இது: "தமிழில் கலைச்சொல் ஏது?" நாம் திருப்பிக் கேட்போம்: ஆங்கிலத்தில் ஏது? 'ஆர்மோன்' என்னும் சொல் 1905-க்கு முன் ஆங்கிலத்தில் இருந்ததா? அவ்வாண்டு இசுட்டார்லிங் என்னும் அறிஞர் 'கிளர்த்து, இயக்கு' என்னும் பொருளுடைய கிரேக்க வேரைக் கொண்டு அதை வழக்கிற்குக் கொண்டுவந்தார். அவர் கிரேக்கத்திற் கடன்வாங்கிச் சொல் படைக்கலாம். நாம் நம் தாயின் கருவூலத்திலிருந்தே 'இயக்குநீர்' என்று படைத்தால் அது செயற்கையா? 'தைராய்டு' என்பது கேடயம் போன்றது என்னும் பொருளது. 'கேடயச் சுரப்பி' என்றதும் நம் பிள்ளைக்கு அதன் வடிவே கண்முன் நிற்கிறது.

'இன்சுலின்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இலத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. கணையத்தின் உள்ளே கடல்நடுவே திட்டுகள் போலச் சிதறிக்கிடக்கும் உயிரணுக் கூட்டங்களை 1869-இல் இலாங்கரான்சு என்னும் செருமானிய மாணவர் கண்டு எழுதினார். பின்னர் அவை 'தீவுகள்' எனப் பெயர்பெற்றன. அத்தீவுகளிற் சுரப்பது ஆதலின் அம்மருந்துக்கும் அப்பெயர். இதைப் பாம்பன் தீவில் பிறந்த மாணவனிடம் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். இறக்கும் வரை மறப்பானா? தீவுக்காரனுக்குத் தீவின் பெயரையே இலத்தீனில் உருப்போடச் செய்வது கல்வியா, கொடுமையா?

மேலும், நம் பதினோராம் வகுப்பு விலங்கியற் பாடநூல் 'வேதிய ஒருங்கிணைப்பு' என்னும் தலைப்பில் இச்சுரப்பிகளையெல்லாம் தமிழிலேயே கற்பிக்கிறது. அதைக் கற்ற அரசுப்பள்ளி மாணவர்க்கு 2020 முதல் மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு உண்டு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த மீனவர் மகள் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் நாளே, அவள் அறிந்த கணையம் காணாமற் போகிறது. கேடயச் சுரப்பி மறைகிறது. தெரிந்த பொருளையே தெரியாத மொழியில் மீண்டும் கற்க வேண்டியவளாகிறாள். அறிவில் முந்தியவள் ஆங்கிலத்திற் பிந்தி, கூனிக் குறுகி நிற்கிறாள். கதவைத் திறந்து உள்ளே அழைத்து, வாயைப் பூட்டி உட்காரவைப்பது எந்த நயன்மை?

உலகத்தோடு உறவு அறுமா?

அடுத்த படை: "தமிழிற் கற்றால் உலக அறிவு அறும்." சப்பானைப் பாருங்கள். 1774-இலேயே ஒல்லாந்து மொழியிலிருந்த உடற்கூற்று நூலைத் தம்மவர்க்குப் பெயர்த்தளித்தவர்கள் அவர்கள். நரம்புக்கு அன்று அவர்கள் புனைந்த சொல்லே இன்றும் அங்கே வழங்குகிறது. இன்று அங்கே மருத்துவக் கல்வி சப்பானிய மொழியில். அதனால் அவர்கள் உலகிற்குப் பின்னடைந்தனரா? கேடயச் சுரப்பி நோய் ஒன்று இன்று உலகெங்கும் ஆசிமோட்டோ என்னும் பெயரால் வழங்குகிறது. அந்த மருத்துவர் 1912-இல் தம் கண்டுபிடிப்பைச் செருமானிய இதழில் வெளியிட்டார். பின்னர் 1916-இல் தம் சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கேயே ஊர்மருத்துவராய் வாழ்ந்து 1934-இல் மறைந்தார். உலகத்திற்குச் சொல்ல ஓர் அயல்மொழி. ஊருக்குச் செய்யத் தாய்மொழி. இதைத்தான் நாமும் சொல்கிறோம். ஆங்கிலத்தைக் கற்காதே என்று எவரும் சொல்லவில்லை. அது பலகணியாக இருக்கட்டும், வாயிற்படியாக இருத்தலாகாது.

மூன்றாவது படை: "இளநிலையில் 15 விழுக்காடும், முதுநிலையில் 50 விழுக்காடும் அனைத்திந்திய ஒதுக்கீட்டில் வருகின்றன, வெளிமாநிலத்தார் என்ன செய்வர்?" நம் கல்லூரியில், நம் நோயாளரைத் தொட்டுக் கற்க வருபவர் நம் மொழியைக் கற்கட்டும்! கிரீன் கற்றார் அல்லரோ? விருந்தினர்க்காக வீட்டார் ஊமையாக வேண்டுமா?

தில்லி செய்தது, நாம் செய்யாதது

2022 அக்தோபர் 16-இல் போபாலில் நடுவணரசின் உள்துறை அமைச்சரே வந்து இந்தி மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டார். அந்நூல்களிற் பெரும்பகுதி ஆங்கிலச் சொல்லைத் தேவநாகரி எழுத்தில் மாற்றி வைத்ததுதான் என்று பலரும் எள்ளினர். எள்ளட்டும், ஆயினும் அவர்கள் தொடங்கிவிட்டனர். இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர்ப்பலி கொடுத்த தமிழ்நாடு, தன் மொழியை மருத்துவக் கல்லூரிக்குள் ஏற்றுவதில் அவர்களுக்கும் பின்னே நிற்கலாமா? எதிர்ப்பு நம் உரிமை. ஆக்கம் நம் கடமை. கடமை செய்யாதான் உரிமைக் குரல் ஒருநாள் வலுவிழக்கும்.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பொறியியற் கல்வி தொடங்கிற்று. மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் முயற்சியும் அரசு அளவில் எழுந்ததுண்டு. ஆயினும் மருத்துவக் கல்லூரி வகுப்பறை இன்றும் ஆங்கிலத்தின் தனியாட்சியிலேயே உள்ளது. 2022 சனவரி 12-இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 1450 புதிய இடங்கள். அவற்றுள் ஒன்று நம் இராமநாதபுரத்தில். கட்டடம் வந்தது, கட்டில் வந்தது, கருவி வந்தது. தமிழ் மட்டும் வரவில்லை.

நாம் கேட்பவை

வெறும் முழக்கம் நம் வழியன்று. செய்யத்தக்கவற்றையே கேட்கிறோம்.

ஒன்று: மருத்துவத் தேர்வின் செய்முறைப் பகுதியில், நோயாளிக்கு அவர் நோயையும் மருந்தையும் தமிழில் விளக்கிக் காட்டும் தேர்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். அதில் தேறாதவர் தேறாதவரே.

இரண்டு: தமிழில் மருத்துவப் பாடநூல் எழுதும் ஆசிரியர்க்கு, ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்குத் தரும் மதிப்பும் பதவி உயர்வும் தரப்பட வேண்டும். ஏணியின் ஒரு படியேனும் தமிழாலாகட்டும்.

மூன்று: அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளி கையிற் கொடுக்கும் குறிப்பும், மருந்து உண்ணும் முறையும் தமிழில் இருக்க வேண்டும்.

நான்கு: தமிழர் உடம்பில் நிகழ்த்தும் எந்த ஆய்வும், அதன் முடிவைத் தமிழில் எளிய நூலாக வெளியிட்ட பின்பே நிறைவுற்றதாகக் கொள்ளப்பட வேண்டும்.

ஐந்து: முதலாண்டுப் பாடங்களாகிய உடற்கூறும் உடலியங்கியலும் தமிழில் கற்கவும் தேர்வெழுதவும் விரும்புவோர்க்கு வழி திறக்கப்பட வேண்டும். அதை இராமநாதபுரம் கல்லூரியிலேயே தொடங்குக! கிரீன் பணிசெய்த மண்ணுக்கு எதிர்க்கரை அன்றோ இது?

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா. எதற்கும் வெளிநாட்டு அறிஞர் வேண்டா. மனம் வேண்டும். ஆள்வோர்க்கு அது தானாக வராது. வரச்செய்ய வேண்டியவர்கள் நாம். மருத்துவரிடம் செல்லும் ஒவ்வொரு தமிழரும், "ஐயா, எனக்கு விளங்கும்படி தமிழிற் சொல்லுங்கள், தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று பணிவோடும் உறுதியோடும் கேட்கத் தொடங்குங்கள். ஒருவர் கேட்டால் வியப்பர். பதின்மர் கேட்டால் எண்ணுவர். ஊரே கேட்டால் கல்லூரியும் கற்கும்.

தமிழால் நோய் சொல்கிறோம். தமிழாலேயே நலம் கேட்போம்!